காலி

பகலில் என் வேலை
பாரத்துக்குச் சீட்டுக் கொடுப்பது.
புளியரை சோதனைச்சாவடிக்கு இப்பால்
எங்கள் எடைமேடை.
எம்-சாண்ட், வைக்கோல், முட்டைக்கோஸ்,
ஒருமுறை ஒரு சர்க்கஸ் கூடாரம்,
எல்லாம் என் ஜன்னலோரம் நின்று
பிரேக்கில் ஒரு பெருமூச்சு விட்டு
ஆரியங்காவுக்கு ஏறும்.

இரவில்
வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில்
துளை போடுகிறேன்.

பெடல் தகட்டில் ஏழு.
சீட்டுத் தாங்கியில் பன்னிரண்டு.
கோவையிலிருந்து மூன்று மரப்பெட்டியில் வந்த கார் அது.
குழாய்ச் சட்டம், அலுமினியத் தகடு, ஃபைபர் மூக்கு,
பாதியில் நின்றுபோன ஒரு வரைபடம்.
என்ஜின், தென்காசிக் காயலான் கடையில்
கோழி அடைந்து கிடந்த மாருதியினுடையது.
கதவு இல்லை. கூரை இல்லை.
முன்கண்ணாடி இருந்தது, கழற்றிவிட்டேன்.
ஆனி மாதச் சாரல்
நேராகப் பல்லில் வந்து விழும்.

"ஆட்டோவை விட லேசா?"
டார்ச் பிடித்தபடி கேட்பார் பொன்னுத்துரை.
இல்லை, கொஞ்சம் கூட.
"அப்ப ஆட்டோவே வாங்கியிருக்கலாமே."
வெளிச்சத்தை ஆட்டாதீங்க என்பேன்.

ஞாயிறு தோறும் கார்புரேட்டரைப் பிரித்து
கெரசின் கிண்ணத்தில் ஊறப்போடுவேன்.
ஊசித் துவாரத்தை ஊதிப் பார்ப்பேன்.
சக்கர போல்ட்டுகளை
டார்க் ரிஞ்ச் "டக்" என்று ஒத்துக்கொள்ளும்வரை
ஒவ்வொன்றாக முறுக்குவேன்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் மட்டும்
எத்தனை வாங்கினாலும் இருப்பதில்லை.

பதிவெண் இன்னும் கிடைக்கவில்லை.
ஆர்டிஓ ஆபீசில் மூன்றாம் முறையும்
"இது என்ன வகை?" என்றார்கள்.
அதனால் மெயின் ரோடு கிடையாது, மலை வளைவும் கிடையாது.
வீட்டிலிருந்து எடைமேடையின் பின்வாசல் வரை
வயலுக்கு நடுவே ஒரு மண்பாதை,
அவ்வளவுதான் என் பந்தயத் தடம்.

ஆனால் மேடைக்கு இருபது கிலோதான் ஒரு படி.
அதற்குக் கீழே அது யோசிக்காது.
பேட்டரியைச் சின்னதாக்கினேன்: 560.
ஸ்டெப்னியை இறக்கினேன்: 560.
சைலன்ஸரை அறுத்து, தெருநாய்கள் ஊரைக் கூட்ட,
திரும்ப வைத்தேன்: 560.

"சேச்சி, இங்க நாப்பது டன் நிக்குது,
நீங்க நாலு கிலோவுக்கு அழுறீங்க,"
நேந்திரங்காய் வறுவலை மென்றபடி
சிரித்தார் குஞ்ஞுமோன்.
வறுவல் பொட்டலத்தையும் மேடையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, லாரி ஓய்ந்த நேரம்.
மேடையேற்றி நிறுத்தி, இறங்கி, ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.
540.
சிவப்பு எண்கள் ஒருமுறை நடுங்கி
அங்கேயே நின்றன.
சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: கோடு.
சரக்கு: காலி.

பாதி வழியில்,
வாய்க்கால் பாலத்துக்கு முன்னால்,
இருமிற்று. இன்னொருமுறை இருமிற்று. நின்றது.
மூடியைத் திறந்து குச்சி விட்டேன்.
குச்சி காய்ந்தே வந்தது.

போன் போட்டதும் வந்தார்,
ஒரு கையில் குடை, மறு கையில் காலி கேன்.
"பெட்ரோல் எங்க?"
"பங்க் சாத்திட்டான்."
பிறகு சீட்டை வாங்கிப் படித்தார்.
"சரியாத்தானே போட்டிருக்க, காலின்னு."

குடையை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து
இருவரும் தள்ளினோம்.
தள்ளவே வேண்டியிருக்கவில்லை, தொட்டால் போயிற்று.
சேறு பிடிக்கவில்லை, பள்ளம் இழுக்கவில்லை.
பாலத்து இறக்கத்தில் எங்களை விட்டுவிட்டுத்
தானாக இறங்கத் தொடங்கியது.
சாரலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
நானும் அவரும் பின்னால் ஓடுகிறோம்.
"ஹேண்ட்பிரேக் எங்கடி?"
அதைக் கழற்றிப் போன மாதமே
ஒன்றே முக்கால் கிலோ குறைத்திருந்தேன்.