மூன்றில் இரண்டு

கல்லடியில் ஒரு சேர்வர்.
காத்தான்குடியில் ஒன்று.
செங்கலடி ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே
தும்புத்தடிகளோடு மூன்றாவது.

நேற்றுப் பின்னேரம் மின்னல் விழுந்து
கல்லடிப் பெட்டி செத்தது.
அந்த நொடி
ஆரையம்பதி வார்டில் தாதி சுமையா
இன்சுலின் அளவைப் பதிந்துகொண்டிருந்தாள்.
"யார் நீ?" என்று திரை
மறுபடி கேட்கவில்லை.
சாகுமுன்னமே அந்தப் பெட்டி
மற்ற இரண்டிடமும்
அவளைச் சொல்லி வைத்திருந்தது.

நல்லது.
ஆனால் மூன்றையும் திறக்கும் சொல்
என் ஒரு மண்டைக்குள்.
நானோ
மழையில் ஹெல்மெட் இல்லாமல் பாலம் கடக்கிறவன்.

இரவே அதைத் துண்டாக்கினேன்.
நிப்ராஸிடம் ஒன்று, தவநீதாவிடம் ஒன்று,
மிச்சம் எனக்கு.
எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்.

காலையிலிருந்து
என்னுடையதை
மறந்து பார்க்கிறேன்.