பின்னால் பார்த்துக்கொள்ளலாம்

ஐந்தேகாலுக்கு ஒரு அலாரம்.
ஐந்தரைக்கு இன்னொன்று, பழைய பட்டன் போனில்.
எல் ஆல்ட்டோ குளிருக்கு முதலில் சாவது
புதுப் போனின் பேட்டரிதான்.

நோட்டில் பக்கத்துக்கு மூன்று பத்தி கோடு போட்டிருக்கிறேன்.
முதலாவது, நடக்க வேண்டியது.
இரண்டாவது, அது நடக்காவிட்டால்.
முதல் கோணல் முற்றும் கோணலாகாமல் இருக்கத்தான்
இந்த இரண்டாவது.
மூன்றாவதற்கு இன்னும் தலைப்பு வைக்கவில்லை.

ஏழு மணி. நய்ராவுக்குப் பள்ளிக்கூடம்.
காய்ச்சல் என்றால் எதிர்வீட்டு எலூத்தேரியா.
வியாழன் என்றால் அவள் சந்தையில் இருப்பாள்,
அப்போது தையற்கடை ஹிலாரியோன்.
துணிக்குவியலின் மேல் அவள் நன்றாகத் தூங்குவாள்.

எட்டு மணி. மினிபஸ்.
மறியல் என்றால் கேபிள் கார்.
இடி மின்னல் என்றால் கேபிள் காரும் நின்றுவிடும்,
அப்புறம் இரண்டு கால்தான்,
லா பாஸ் வரைக்கும் படியாய் இறங்கும் ஊர்.
பைக்குள் தட்டைச் செருப்பு எப்போதும் உண்டு.

ஒன்பதுக்கு நீதிமன்றம்.
ஐமாரா பேசும் சாட்சிக்கும்
ஸ்பானிஷ் பேசும் நீதிபதிக்கும் நடுவில் நிற்பது என் வேலை.
எங்கள் பேச்சில்
முன் நடந்தது கண்ணுக்கு முன்னால் நிற்கும்.
பார்த்தாகிவிட்டதே.
பின் நடக்கப்போவது முதுகுக்குப் பின்னால்.
‘நாளை’ என்று சொல்லும் கிழவர்கள்
கட்டைவிரலால் தோளுக்குப் பின்னே காட்டுவார்கள்.
நீதிபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டு
யார் அங்கே என்று எட்டிப் பார்ப்பார்.

ஆக, நாள் முழுக்க நான் பின்பக்கமாக நடக்கிறேன்.
முதுகில் கண் இல்லை. அதற்குத்தான் நோட்டு.

போன செவ்வாய் ஒரு விபரீதம் நடந்தது.
மினிபஸ் வந்தது. இருக்கையும் கிடைத்தது.
நய்ரா தும்மவில்லை.
நீதிபதி நேரத்துக்கு வந்தார்,
சாட்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்,
பத்தரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது.
வாசற்படியில் நின்றேன்.
கையில் இரண்டாவது பத்தி முழுசாக, தொடப்படாமல்.
பயமாக இருந்தது.
எலூத்தேரியாவைக் கூப்பிட்டேன்.
‘ஏதாவது ஆச்சா?’
‘ஒன்றும் ஆகலையே, உனக்கு?’
‘ஒன்றும் ஆகலை.’
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

ஊதாச் சோளக் கஞ்சி ஒரு டம்ளர் வாங்கி,
ஆறுவதற்குள் குடிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.
பட்டன் போன் அடித்தது.

ஹிலாரியோன். துணி எடுக்க வியாச்சா போன இடத்தில்
மறியலில் மாட்டிக்கொண்டான்.
மகன் பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து விழுந்திருக்கிறான்,
மீராஃப்ளோரெஸ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.
‘தங்கச்சி போனை எடுக்கலை.
மச்சான் என்னோடதான் நிற்கிறான்.
அதுக்கு அடுத்து உன் பேரைத்தான்
எழுதி வைத்திருக்கேன்.’

அவனிடமும் ஒரு நோட்டு இருக்கிறது
என்று எனக்குத் தெரியாது.

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்,
தட்டைச் செருப்பில்.
படிவத்தில் ஒரு கட்டம். ‘நோயாளிக்கு என்ன உறவு?’
பேனா நின்றது.
மூன்றாவது பத்தி என்பதற்கு
இரண்டு மொழியிலும் சொல் வரவில்லை,
இருபது வருஷம் மொழிபெயர்த்தும்.
அண்டை வீடு என்று எழுதினேன். அதுவும் பொய்,
நடுவில் நான்கு வீடு இருக்கிறது.

பையனுக்கு ஒன்பது வயது.
கட்டுப் போட்ட கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.
‘அப்பா எப்போ வருவார்?’
‘பின்னால் வருவார்’ என்று
தோளுக்குப் பின்னே கட்டைவிரலைக் காட்டினேன்.
கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.
நடைபாதையில் ஒரு காலி சக்கர நாற்காலி,
ஈரத் தரை.

இரண்டு மணிக்கு எனக்கு இன்னொரு வழக்கு.
காசிமிராவைக் கூப்பிட்டேன்,
நோட்டில் அவள் பெயர் மை மங்கிக் கிடந்தது.
‘போறேன்’ என்றாள், யோசிக்காமல்.
அவள் எதையோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.
அவள் இடத்துக்கு யார் போனார்கள்
என்று நான் கேட்கவில்லை.