நூற்றிருபது மில்லி

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
அபு ஷகாராவில் எங்கள் கட்டடத்துக்கு மட்டும்.
எதிர்க் கட்டடத்து ஏசிகளின் சத்தம்
அடுத்த வீட்டுச் சிரிப்பைப் போலக் கேட்டது.

பெல்சிக்கு நைட் டூட்டி.
போகுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டியிருந்தாள்:
மேல்தட்டு, பின்பக்கம், கதவில் அல்ல.
புட்டியில் மாஸ்கிங் டேப். டேப்பில்
"வியாழன், விடிகாலை 4.40".
ஆறு வருடம் டாக்டர்களோடு வேலை பார்த்தும்
கெட்டுப்போகாத கையெழுத்து.

ஃப்ரிட்ஜ் எங்களுடையது மட்டும் இல்லை.
நடு அறை சதக்கத்துல்லா வீட்டுக்கும்
பால்கனியை அடைத்துத் தூங்கும் இருவருக்கும் பொது.
வெக்கை தாங்காமல் ஒவ்வொருவராய் வந்து
தண்ணீர் எடுத்துப் போனார்கள்.
திறக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன்.
சதக்கத்துல்லாவின் மகள்
ஜில் பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு
கண்ணை மூடி நின்றாள்.
சொல்லவில்லை.

மூன்று ஐந்துக்கு ஜெஃப்ரின் அழுதான்.
நான்கு மாதம். அவன் அழுகைக்கு முன்னுரை கிடையாது.

செல்போன் வெளிச்சத்தில் புட்டியைத் தொட்டேன்.
அதுவும் என் உள்ளங்கையும் ஒரே சூடு.
முகர்ந்தேன். பால் வாசம்தான்.
முகர்ந்தால் தெரியாது என்பதுதான் என் தொழிலே.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவும் கம்பெனியில்
ஒன்பது வருடம்.
மேலிருந்து பார்த்தால் எல்லாத் தொட்டியும் கண்ணாடி.
உள்ளே இறங்கி, முழங்கால் போட்டு,
மூலையில் விரல் வைத்து இழுத்தால்தான் வழவழக்கும்.
ஒருமுறை ஒரு புறாவின் கால், வளையத்தோடு.
நாற்பது குடும்பம் குடியிருந்த கட்டடம்.
தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் வாட்ச்மேன்.

ஆனாலும் நின்றேன்.
லினன் அறையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து,
மடித்த விரிப்புகளின் நடுவே,
எந்தப் படுக்கையின் மணி அடிக்குமோ என்று
காதை வெளியே வைத்துக்கொண்டு அவள் எடுத்தது.
ஐஸ் பையில் இரண்டு பஸ் மாறி வந்தது.
நூற்றிருபது மில்லி.

சிங்கில் கொட்டினேன்.
சுழன்று போனதைப்
பார்க்காமல் இருக்கத் தெரியவில்லை.

அடுப்புப் பக்கம் அவனைத் தூக்கக்கூடாது.
தொட்டிலில் விட்டேன். வீடே எழுந்துகொண்டது.
சதக்கத்துல்லாவின் மகள் வந்து
ஜூஸ் பெட்டி அட்டையால் அவனுக்கு விசிறினாள்.
நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், நகக்கண் வரை.
கேன் தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைத்தேன்.
முதல் குமிழிக்கு இறக்காதே, புரளட்டும் என்பாள் பெல்சி.
சூடு முழுதும் தணியுமுன் பொடியைப் போடு,
டின்னுக்குள்ளும் கிருமி தூங்கும் என்பாள்.
கரண்டி நான்கு, வழித்துச் சமமாக.

இனி ஆற வேண்டும்.
ஆகஸ்டு மாத ஷார்ஜாவில்
எதை வைத்து ஆற்றுவது?
குழாயைத் திறந்தேன். மாடித் தொட்டித் தண்ணீர்,
விடியும்வரை பகலை மறக்காத தண்ணீர். கை சுட்டது.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
மே மாதமே அணைத்துப்போட்ட ஹீட்டர்.
குளியலறை இருட்டில் சும்மா கிடக்கும் தண்ணீர்.
சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்தேன்.
குளிர்ச்சி என்று சொல்ல முடியாது.
சுடவில்லை. போதும்.
புட்டியின் கழுத்து நனையாமல் பிடித்துச் சுழற்றினேன்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு.
விழுந்ததா என்றே தெரியவில்லை.
அப்படியென்றால் சரி.

தொண்ணூறு குடித்தான்.
என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி
உறிஞ்சிக்கொண்டே தூங்கிப்போனான்.
மிச்சம் முப்பது.
காலைக்கு ஆகுமே என்றது
டின் விலை தெரிந்த மனசு.
அதையும் கொட்டினேன்.

ஏழரைக்கு பெல்சி வந்தாள். கரண்டும் வந்திருந்தது.
செருப்பைக் கழற்றுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.
சொன்னேன்.
கழுவிக் கவிழ்த்திருந்த புட்டியைப் பார்த்தாள்.
சிங்க் விளிம்பில் சுருண்டிருந்த டேப்பைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே இருந்தது.

பிறகு ஐஸ் பையிலிருந்து புதியதை எடுத்து
மேல்தட்டில், பின்பக்கமாக வைத்தாள்.
அதே கையெழுத்து:
"வெள்ளி, விடிகாலை 3.05".