பிடித்தம்

நிகழ்ச்சி நிரலின் நகல், கடைசிப் பக்கம்.
கேப்டனாக வங்கி மேலாளர், பட்டங்களோடு முழுப் பெயர்.
கேப்டனின் மனைவியாக துறைமுக அதிகாரியின் தங்கை.
சீன வணிகர்கள் அறுவர், கடைப் பெயர்களோடு.
குதிரைக்கும் பெயர் உண்டு: டச்சஸ்.
அதற்கும் கீழே ஒரு வரி:
காடு வெட்டும் இந்தியக் கைதிகள்,
நகராட்சி சாலைப் பிரிவின் அனுமதியுடன்.

அனுமதிதான் வந்து நடித்துவிட்டுப் போனது போலிருக்கிறது.

நகரத்தின் பிறந்தநாளுக்குப் போட்ட காட்சி அது.
பீரங்கியில் வெள்ளிக் காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார்களாம்,
காசுக்காகக் காடு வெட்டுப்பட்டதாம்.
கைதிகள் வந்தது அதற்குப் பிறகு.
வரலாற்றில் வேறு வேறு வருடம்,
பாடாங்கில் ஒரே சாயங்காலம்.

நான்கு மாதச் சனிக்கிழமைகள்.
காலை ஃபெரி, கோப்பி ஓ, தும்மல்.
கிடைத்தது ஒரு புகைப்படம்:
கடலுக்கு முதுகு காட்டி முப்பது பேர்,
இடுப்பில் சாக்கு, கணுக்காலில் சங்கிலி.
சங்கிலி நாய்பிடி வண்டியில் இரவல் வாங்கியது.
ரசீது இருக்கிறது:
கொடுத்தது முப்பது, திரும்பியது இருபத்தெட்டு.

அசையாதே என்று சொல்லியிருப்பார்கள்.
இருபத்தொன்பது முகம் கல்லாக நிற்கிறது.
ஒருவர் மட்டும் குனிந்த முதுகாய், கலங்கலாய்.
மம்பட்டி இருந்த இடத்தில் ஒரு கீறல்.

பெயர்கள் நிரலில் இல்லை,
சம்பளப் பேரேட்டில் இருந்தன, சிவப்பு மையில்:
புல்தரைச் சேதம். தலைக்கு ஒரு வெள்ளி பிடித்தம்.
பாவாடை. ஒண்டிமுத்து. சின்னாண்டி மகன் அங்கப்பன்.
லெட்சுமய்யா. தொப்புளான். மாயழகு.
இன்னும் ஐவர், அதில் இருவர் குப்புசாமி.
எதிரே பதினொரு கட்டைவிரல்.

வெட்டுவதுபோல் செய் என்றார்கள்.
போல் எப்படிச் செய்வதென்று
காலை ஆறுக்கு டத்தோ கிராமட் சாலையில்
யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.
துரைமார் பாதுகாத்த புல்லில்
முழங்கால் ஆழம் இறங்கிவிட்டார்கள்.
சொன்னபடி நடித்த பத்தொன்பது பேருக்கு
அபராதமும் இல்லை,
பெயரும் இல்லை.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினான்காவது மாடி.
லிஃப்ட் பன்னிரண்டோடு சரி.
மாயழகுவின் மகள் சொர்ணவல்லி
கதவுக் கம்பிக்குப் பின்னால் நின்றே கேட்டார்:
"அப்பா நடிச்சாரா?
பொய்க் காய்ச்சல் சொல்லி லீவு போடத் தெரியாத மனுசன்."

படத்தை நீட்டினேன்.
முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்
கலங்கிய முதுகில் விரலை வைத்தார்.
பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

"ஒரு காசு கொண்டாந்தாரு, வெள்ளின்னு.
பார்த்தா பிஸ்கட் தகரம், வட்டமா வெட்டினது.
ஆடுற தையல் மெஷின் காலுக்கு அண்டக் குடுத்தோம்.
ஆடாம நின்னுச்சு இருபது வருசம்."
"இப்ப?"
"மெஷினோட போச்சு."

சுட்டது தகரம்.
பிடித்தது மட்டும் அசல் வெள்ளி.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

படிவத்தில் எழுதத் தொடங்கினேன்.
பெயர்: மாயழகு. ஏற்ற பாத்திரம்: கைதி.
"அத அழிங்க தம்பி.
பேரன் போலீசுக்கு மனுப் போட்டிருக்கான்."
அழித்தேன். கைதியாக நடித்தவர் என்று எழுதி
வாசித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"நடிக்கலைன்னுதானே காசப் புடிச்சாங்க?"

அந்தக் கட்டம் இன்னும் காலி.
காலியாக விட்டால் கணினி சேமிக்க மாட்டேன் என்கிறது.
ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்,
படத்தில் இருக்கும் கீறல் அளவுக்கு.

இனி பத்துப் பேர்.
இரண்டு குப்புசாமியில் ஒருவருக்கு
ஜெலுத்தோங்கில் உறவு உண்டென்கிறார்கள்.
சங்கிலி இரண்டு
இன்னும் கணக்கில் வரவில்லை.