எடை மேடை

செம்பனை ஆலையின் எடை மேடையில்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
லோரி உள்ளே வரும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்.
கழித்தால் குலை.
எனக்கு வேறு கணக்கு வராது.

அதனால் சைக்கிள் பயணத்தையும்
கழித்தலில்தான் தொடங்கினேன்.
பாசாரில் மீன் விற்கும் லியோங்கின் தராசு
பத்து மணிக்கு மேல் சும்மா இருக்கும்.
கூடாரம், அடுப்பு, சட்டி,
இரண்டு டியூப், ஒட்டு, ஆரக்கம்பி நாலு,
நெத்திலி ஒரு பொட்டலம்.
ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன்.
பின்னால் நின்ற மக்சிக்
சட்டியைக் காட்டி, கிலோ என்ன விலை என்றார்.
பல் துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தேன்.
ஐந்து கிராம்.
ஐந்து கிராமுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா வரை தார்.
பிறகு மண்.
பிறகு வரைபடத்தில் கோடு புள்ளிகளாகிறது,
புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி கூடுகிறது.
செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்
அந்த முகட்டின் மேல் மட்டும் மேகம்.
மூன்று வருடப் படங்கள். மூன்றிலும் அதே மேகம்,
வாடகை கட்டிக் குடியிருப்பதுபோல.
உயரக்கோடுகள் கைரேகை மாதிரி நெருங்கி வந்த இடத்தில்
பதினாலு வரை எண்ணினேன். விட்டுவிட்டேன்.
அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்:
இரண்டாம் நாள், ஆறு கிலோமீட்டர், தள்ளுவது.

மங்களேஸ்வரியும் வருவதாகத்தான் இருந்தது.
பல் கிளினிக்கில் தாதி,
பங்கோரில் மேட்டுக்கு மேடு என்னை முந்தியவள்.
முதலில் மழை என்றாள்.
பிறகு மகனுக்குச் சோதனை என்றாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
அவள் பங்குக்கு வாங்கிய கூடாரக் கழிகளையும் மேல்துணியையும்
என் வீட்டு வாசல் கம்பியில் பையோடு மாட்டிவிட்டுப் போனாள்.
லியோங்கிடம் கொண்டுபோய் நிறுத்தேன்.
அவள் வராததன் எடை
ஒரு கிலோ நானூறு.

அலாங் அந்தப் பக்கத்துத் தெமியார்.
வாரம் மூன்று நடை குலை ஏற்றி வருவான்.
பாலம் இருக்கிறதா என்று கேட்டேன்.
இருக்கிறது.
சீட்டில் கையெழுத்துப் போட்டபடி,
போன மழையில் போய்விட்டது என்றான்.
லோரிக் கதவைத் திறந்தபடி,
இரண்டு மரம் வெட்டிப் போட்டிருக்கிறோம்,
லோரி போகாது, நீ போவாய் என்றான்.
யானை?
அதற்கு மட்டும் இறங்கி வந்தான்.
அதுவும் அந்த மரத்தை நம்பாது.
விடியலில் ஆற்றில் இறங்கிக் கடக்கும்.
நீ அவசரப்படாதே.
என் அட்டவணையில்
"காலை 5.30, புறப்பாடு" என்று இருந்தது.
அழித்துவிட்டு எழுதினேன்:
யானைக்குப் பிறகு.

விடுப்புப் பாரத்தில்
காரணம் என்று ஒரு கட்டம்.
திருமணம், மரணம், பிரசவம், மற்றவை.
மற்றவைக்கு எதிரே அரை அங்குலம் இடம்.
மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க
என்று எழுதினால் கொள்ளாது.
சொந்த வேலை என்று எழுதினேன்.
அது பொய்யுமில்லை.

நேற்று கடைசி லோரியும் போன பிறகு
கட்டின மூட்டையோடு சைக்கிளை
மேடையின் நடுவில் நிறுத்தினேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
இருபது இருபதாகத்தான் அதற்குக் கண் தெரியும்.
நாற்பது என்றது.
நானும் ஏறி நின்றேன்.
நூறு.
காவலாளி பகதூர் கூண்டுக்குள் இருந்து
பொத்தானை அழுத்தித் தொலைக்க, சீட்டு வந்துவிட்டது.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: இல்லை.
முதல் எடை: நூறு கிலோ.
இரண்டாம் எடை என்ற இடத்தில்
கோடு மட்டும்.

வண்டி திரும்பி மேடை ஏறும்வரை
இந்தப் பதிவு மூடாது.
நீக்கவா என்று கணினி கேட்டது.
வேண்டாம் என்று அழுத்திவிட்டு
பிரேக் கட்டை வாங்கப் போனேன்.
கடை ஏழு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.