ஸ்டெப்னி

டானிங்டனில் அன்று மூடுபனி
கடைக்குள்ளேயே வந்து ஜாக்கிக்கடியில் உட்கார்ந்திருந்தது.
சைனுதீன் முழங்காலிட்டு
முன்சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்தார்.

"பட்டன் அப்படியே இருக்கு பாருங்க" என்றேன்.
ஒரு ரூபாயைப் பள்ளத்தில் தலைகீழாக நிறுத்திக்
காட்டவும் செய்தேன்:
சிங்கங்கள் பிடரிவரை முங்கியிருந்தன.
பன்னிரண்டாயிரத்து முந்நூற்று எண்பது கிலோமீட்டர்.
வீடு, தேயிலை ஃபேக்டரி, வீடு.
கணக்கெழுதுகிறவள் நான்.
எண்கள் என்னிடம் பொய் சொல்வதில்லை.

அவர் வேறொரு எண்ணைத் தேடினார்.
பக்கவாட்டில், முட்டை வடிவக் கட்டத்துக்குள்,
2219.

"பத்தொம்பதாம் வருஷம், இருபத்திரண்டாம் வாரம்.
அன்னிக்குப் பொறந்தது."
கட்டைவிரலால் அழுத்தினார்.
ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன,
தண்ணீர் விடாத கேரட் பாத்தி போல.
"கீழ்நாட்டுல ஐம்பதாயிரம் ஓடும்.
நம்ம வளைவுக்கு முப்பதே பெரிசு.
ஆனா ஓடினாத்தான் போகும்னு இல்லை மேடம்,
நிக்கிற வண்டியையும் வெயில் திங்கும்.
ஆறு வருஷம் தாண்டினா
என் கையால காத்தடிச்சு மலை இறக்க மாட்டேன்."

இருபத்திரண்டாம் வாரம்.
பேரேட்டைப் புரட்ட வேண்டியதில்லை.
மே முடிகிற நாட்கள்,
பச்சை இலை கிலோ பன்னிரண்டு ரூபாய்.
கோவையிலிருந்து வந்த வேலைக் கடிதத்துக்கு
'வர இயலவில்லை' என்று
ஃபேக்டரித் தாளிலேயே பதில் எழுதியது
அந்த வாரம்.
எங்கோ ஓர் அச்சில்
இது வெந்துகொண்டிருந்திருக்கிறது.

"நாளைக்கு எதுவரைக்கும்?"
"மேட்டுப்பாளையம். அதுக்கு அப்புறமும்."
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
சைனுதீனிடம்தான் முதலில் சொன்னேன் போல.
அவர் தலையசைத்து,
"செகண்ட் கியர்லயே இறங்குங்க,
பிரேக்கை மிதிச்சிட்டே போனா வீல் கொதிக்கும்" என்றார்.

பிறகு டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினார்.
ஸ்டெப்னி.
அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை,
கடை ஸ்டிக்கர் மஞ்சளாக ஒட்டியிருந்தது.
டார்ச் அடித்து வாசித்தார்: 0919.
எல்லாவற்றிலும் மூத்தது.
ஒரு சாலையையும் தொட்டதில்லை.

நாலு டயருக்குத்தான் பணம் எடுத்து வந்திருந்தேன்.
ஐந்து என்று எழுதச் சொன்னேன்.

கட்டபெட்டு தாண்டியதும்தான் ஞாபகம் வந்தது,
அந்த ஒரு ரூபாய்
பழைய டயரின் பள்ளத்திலேயே நிற்கிறது.
இன்றைய கணக்கில் ஒரு ரூபாய் துண்டு விழும்.
விழட்டும்.