நூற்று இருபது விநாடி

மொந்தேவிதேயோவில் தரை தரையாகவே இருக்கும்.
அதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

வால்பரைசோவுக்கு வந்த ஏழாம் நாள்
மீனவர் குடியிருப்புப் பள்ளியில்
வரைபடங்கள் சுருட்டிக் கிடந்த அறையில்
என் பெட்டியைத் திறந்தேன்:
சிவப்பு வெள்ளைக் கட்டைகள் ஒன்பது,
மாதிரி அட்டைகள், நிறுத்துக் கடிகாரம்.

எதிரே எலீசியோ அராவெனா, வயது ஒன்பது.
வகுப்பாசிரியை குறிப்பு ஒரே சொல்: மந்தம்.

அட்டையில் உள்ளதுபோல் அடுக்கு என்றேன்.
அழுத்தினேன்.

அடுக்கவில்லை.
ஒரு கட்டையை எடுத்து ஆறு பக்கமும் பார்த்தான்.
அடுத்ததை எடுத்தான். அதையும்.
ஐம்பத்து நான்கு முகங்களை விசாரித்து முடிக்க
நாற்பது விநாடி.

அப்போது ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது.

நான் மேசைக்கடியில் இருந்தேன்.
எப்படிப் போனேன் என்று
முழங்கால்களைத்தான் கேட்க வேண்டும்.
கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, கடமை தவறாமல்.
அங்கிருந்து தெரிந்தவை இரண்டு காலணிகள்,
ஒன்றில் நாடா அவிழ்ந்து,
இரண்டும் அசையாமல்.

"விளக்கைப் பாருங்க, அத்தை"
(இங்கே ஆசிரியைகளும் அத்தைகள்தான்)
"கொஞ்சமாத்தான் ஆடுது. இது சின்னது."

பிறகு தலைக்கு மேலே
டக்.
சற்றுப் பொறுத்து, டக்.

அறிவு ஒரே ஊற்று என்றவர்களையும்
இல்லை, எட்டு வாய்க்கால் என்றவர்களையும்
ஒரே பத்தியில் சமாதானம் செய்துவைத்து
பட்டம் வாங்கியவள் நான்.
விளக்கு எவ்வளவு ஆடினால் ஓட வேண்டுமென்று
உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
கீழேயிருந்தே கேட்டேன்.
கேள்வி அவனுக்குப் பிடிபடவில்லை.
"அது ஆடும். பார்ப்போம்."

வெளியே வந்தபோது
வடிவம் முடிந்திருந்தது, ஒரு மூலை பிசகாமல்.
கடிகாரத்தில் நூற்று இருபத்து நான்கு.

எப்போது முடித்தாய்?
"நீங்க கீழே இருந்தப்போ."

கையேட்டைப் புரட்டினேன்.
பிள்ளை தும்மினால் விதி உண்டு.
கட்டை உருண்டு விழுந்தால் உண்டு.
நில நடுக்கத்துக்கு இல்லை,
தேர்வாளரின் நடுக்கத்துக்கும்.
நூற்று இருபது தாண்டினால் சுழி.

சுழி போட்டேன்.
பென்சிலால்தான்.

இரவு, வாடகை அறையில்
தொங்கும் விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு
கட்டைகளைப் படுக்கையில் கொட்டி
ஒவ்வொன்றாய்த் திருப்பினேன்.
ஏழாவதில் ஒரு முகம்
சிவப்பு உரிந்து மரமாய் இருந்தது.
மூன்று வருடம், இருநூறு பிள்ளைகள்,
என் பெட்டி.